பனித்தரைக்குள் இரண்டு வரி

கர்ட் ஹால்பெக் மினசோட்டாவிலிருந்து போன் செய்தபோது எஃப்ரைன் வெறும் சிமெண்டுத் தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பழைய பனியை உருக்கிச் சாக்கடையில் தள்ளி மூன்று நாளாகியிருந்தது. வெளியே, பீனிக்ஸ் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், நூற்றுப் பதினாறு டிகிரி. உள்ளே சிமெண்டுக்கு அடியில் ஓடும் உப்புநீர்க் குழாய்கள் மறுபடி குளிர ஆரம்பித்திருந்தன. செருப்பையும் மீறிக் கால் சில்லிட்டது.

"எப்படிப்பா இருக்க? வெயில் கொல்லுதா?"

ஹால்பெக்கின் குரலுக்குப் பின்னால் படகுச் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. பாலைவனத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லித்தரும் கிளப்பின் தலைவர் அவர். கோடையில் ஆறு வாரம் சொந்த ஊரில் ஏரிக்கரை வீட்டில் இருப்பார்.

"இருக்கேன் கோச்."

"விளம்பரத் துணியெல்லாம் வந்துருச்சா?"

"பதினொண்ணு வந்துருக்கு."

"பன்னெண்டு. பல் டாக்டரோடது நாளைக்கு வரும். அதை வடக்கு கோலுக்குப் பின்னாடி போட்டுரு."

எஃப்ரைன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். போன வருஷப் பனியில் அங்கே ஊதா நிறத்தில் ஒரு சின்ன இதயம் இருந்தது. அதற்குள் யெசெனியா என்று எழுதியிருந்தது. யெசெனியா அவன் மனைவி. அவள் செத்துப் பதினெட்டு மாதம்.

"அங்க அவ பேரு இருந்துச்சு கோச்."

"தெரியும்பா. மறப்பேனா? ஆனா இப்ப டோர்னமெண்டே அவ பேர்லதானே நடக்குது. முப்பத்திரெண்டு டீம் வருது. அந்தச் சின்ன இதயத்தைவிட இது பெருசில்லையா?"

"பெருசுதான்."

"அதான் பார்த்தேன். தங்கமான ஆளுய்யா நீ."

எஃப்ரைன் போனைப் பையில் போட்டான். போட்டியின் துண்டறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. யெசெனியா நினைவுக் கோப்பை. அணிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர். கிளப் சொல்லும் ஹோட்டலில்தான் தங்கவேண்டும், வேறெங்கும் தங்கினால் ஆடமுடியாது. அந்த ஹோட்டலில் அறைக்கு இவ்வளவு என்று கிளப்புக்குக் கமிஷன் வரும். அறிக்கையில் யெசெனியா சிரித்துக்கொண்டிருந்தாள். முழுப் படத்தில் அவள் தோளில் மகளுடைய கவசப் பை தொங்கும். அதை வெட்டியிருந்தார்கள்.

மகள் நயேலிக்குப் பதின்மூன்று வயது. கோலைக் காக்கும் கோலி அவள். கோலி கிடைப்பது அரிது என்பதால் கட்டணத்தில் பாதி என்றார்கள். மிச்சமான பாதியைக் கால்கவசம் தின்றது. ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கவசம் சின்னதாகிவிடும். பக்கத்தில் ஆட எதிரணி கிடையாது. டென்வர், டாலஸ், சான் ஹோசே என்று பறக்கவேண்டும். பக்கம் என்றால் ஃபிளாக்ஸ்டாஃப், மலைமேல், காரில் இரண்டரை மணி நேரம். யெசெனியா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். எஃப்ரைன் குளிர்சாதனப் படிப்பு படித்தவன். சனி ஞாயிறு இங்கே பனியைத் தேய்த்துச் சமன் செய்யும் பனி வண்டி ஓட்டினால் கட்டணத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி என்றார் ஹால்பெக். ஓட்டினான். மகள் ஆடிய ஆட்டங்களில் பாதியை அவன் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் வேறு பிள்ளைகளுக்குப் பனி தேய்த்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஃபிளாக்ஸ்டாஃப் அணியின் பயிற்சியாளரே ஹால்பெக்கைக் கூப்பிட்டுச் சொன்னார். மழை பெய்து உறைகிறது, சாலை சரியில்லை, நாளைய ஆட்டத்தைத் தள்ளிவைப்போம் என்று. அந்த ஆட்டம் நடக்காவிட்டால் தரவரிசையில் கிளப் இரண்டு இடம் இறங்கும். தேசியப் போட்டிக்கு அழைப்பு வராது. ஹால்பெக் மறுத்தார். பெற்றோர் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

பனியை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எஃப்ரைனுடையது. சாலையில் அதைப் பார்த்ததில்லை. யெசெனியாவின் காரில் வெயிலில் வெந்து வழுவழுத்த டயர்கள். பனி என்றால் வெள்ளையாகத் தெரியும் என்று அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான். தாரோடு தாராக, நிறமே இல்லாமல் உறைந்திருந்த ஒரு வளைவில் கார் சுழன்றது. பின்சீட்டில் நயேலிக்கும் கதவுக்கும் நடுவில் கோலிப் பை இருந்தது. இரண்டு கால்கவசமும் மார்க்கவசமும் அடியை வாங்கிக்கொண்டன. அவளுக்கு மணிக்கட்டில் ஒரு விரிசல். முன்சீட்டில் கவசம் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஹால்பெக்கின் செய்தி எல்லோர் போனிலிருந்தும் அழிந்திருந்தது. ஹாக்கிச் சங்கத்து விசாரணையில் அவர் அழுதார். போவதும் போகாததும் பெற்றோர் முடிவு என்றுதான் எப்போதும் சொல்வேன் என்றார். மற்றப் பெற்றோருக்கும் பிள்ளைகள் இருந்தன, அணியில் இடம் வேண்டியிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் எஃப்ரைன் வீட்டுக்குச் சாப்பாடு மட்டும் முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். விசாரணை முடிந்தது.

அவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எஃப்ரைனிடம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை யெசெனியா ஹால்பெக்கின் செய்தியைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருந்தாள். கீழே, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். அவன் பனி வண்டியின் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒற்றைக் கட்டைவிரலால் பதில் அனுப்பினான்.

பணம் கட்டியாச்சு. மெதுவா போ.

விசாரணையில் படத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால் போனைக் கேட்பார்கள். போனைக் கொடுத்தால் அதற்குக் கீழே இருப்பதையும் படிப்பார்கள். அவன் காட்டவில்லை. ஹால்பெக் தன் வரியை அழித்தார். இவன் தன் வரியை மறைத்தான். பதினெட்டு மாதமாக அவரை வெறுத்தான். மகளுக்கு ஆட இடம் வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டு, அவர் பனியைத் தேய்த்துக்கொண்டே வெறுத்தான். தன்னை வெறுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இப்போது பல் டாக்டர்.

அந்த நிமிஷம் எஃப்ரைன் முடிவு செய்துவிட்டான். போனில் இருப்பதை அழிக்கலாம். பனிக்குள் இருப்பதை அழிக்க முடியாது.

பனித்தரை ஒரே நாளில் உறைவதில்லை. முதலில் சிமெண்டின்மேல் புகைபோலத் தண்ணீர் தெளிக்கவேண்டும். அது பிடித்ததும் வெள்ளைப் பெயிண்ட், மூன்று பூச்சு. நனைத்த கம்பளி நூலை அளந்து இழுத்துத் தரையில் உறையவைத்து, அதை ஒட்டிக் கையால் கோடு வரையவேண்டும். சிவப்பு, நீலம். அதன்மேல் விளம்பரத் துணிகள். அப்புறம் தண்ணீர், மெல்லிய அடுக்காக, ஒன்று உறைந்தபின் ஒன்று, ஒன்றேகால் அங்குலம் ஏறும்வரை. ஊர்க் குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம், பனி பால்போல மங்கும். எந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் வேண்டும். அது சொட்டுச் சொட்டாக வரும், நாளாகும். வழக்கமாகப் பாதிக்குப் பாதி கலப்பார்கள். இந்த வருஷம் எஃப்ரைன் ஒரு சொட்டு ஊர்த் தண்ணீர் சேர்க்கவில்லை. பனி கண்ணாடியாக இருக்கவேண்டும்.

பன்னிரண்டு விளம்பரத்தையும் ஒரு அங்குலம் பிசகாமல் போட்டான். பல் டாக்டருடையதும் வடக்கு கோலுக்குப் பின்னால் சொன்ன இடத்தில் படுத்தது. பிறகு, மறுநாள் காலை, கம்பளி நூலை எடுத்து மத்தியக் கோட்டிலிருந்து நீலக் கோடு வரை, மேலிருந்து பார்க்கும் சனங்களுக்கு நேராக, மூன்று வரிசை இழுத்தான். மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டைக் குழைத்தான். ஓர் எழுத்து ஆளுயரம்.

இரண்டாவது வரிசையில் இருந்தபோது ராய்ஸ் வந்தார். தரையைக் குளிர்விக்கும் கம்ப்ரசர் அறை அவர் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு மனைவிகளிடமிருந்து விவாகரத்து, மூன்றாவது கம்ப்ரசர் என்று சொல்லிக்கொள்வார். தடுப்புப் பலகையில் சாய்ந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"எழுத்து."

"எழுத்துன்னு தெரியுது. எனக்கும் ஸ்கூலுக்குப் போன ஞாபகம் இருக்கு." அவர் வாய்க்குள் படித்தார். ரோடு நல்லாத்தான் இருக்கு. வராதவங்க அடுத்த நாலு மேட்ச் வெளிய உட்காரணும். அதற்குமேல் இன்னும் எழுதவில்லை.

ராய்ஸ் பலகையிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப அது நிஜம்தான்."

"நிஜம்தான்."

"எஃபி, உன்னைத் தூக்கிருவான்."

"தூக்கட்டும்."

"பாப்பா?"

எஃப்ரைன் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்தான்.

"சரி, நான் இந்தப் பக்கமே வரல," என்றார் ராய்ஸ். "எனக்கு வயசாச்சு, கண்ணு சரியில்ல. அந்த 'உட்காரணும்' கொஞ்சம் சாயுது பாரு. எழுதறதுதான் எழுதற, நேரா எழுது."

நயேலி மத்தியானம் வந்தாள். விடுமுறையில் அவளை வீட்டில் தனியாக விடுவதில்லை. வழக்கமாக அலுவலக அறையில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். பசித்தால்தான் வெளியே வருவாள். அன்று வெள்ளித்தாளில் சுற்றிய பர்ரீட்டோவைக் கடித்துக்கொண்டே, குளிர்கால ஜாக்கெட்டோடு, படிக்கட்டு வரிசையில் ஏறி மேலே நின்று படித்தாள். மேலே நின்றால்தான் முழுதாகத் தெரியும். பிறகு இறங்கி வந்தாள்.

"கோச் மெசேஜ்தானேப்பா."

"ஆமா."

"கடைசி வரி இன்னும் எழுதல. கட்டின பணம் திரும்பாது."

அவன் நிமிர்ந்தான். "உனக்கெப்படித் தெரியும்?"

"அம்மா எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன், பை அடுக்கிக்கிட்டு." ஒரு வாய் கடித்தாள். "உங்க பதிலையும் படிச்சாங்க."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு வெள்ளையில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. பதினெட்டு மாதம் இந்தக் குழந்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. 'உங்கப்பாவுக்கு ரெண்டு வரிக்கு மேல எழுதினா கை வலிக்கும்'னாங்க."

உள்ளே எங்கோ கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

"நீங்களும்தான் சொல்லல." அவள் வெள்ளித்தாளை உருண்டையாகக் கசக்கினாள். "அதையும் எழுதுவீங்களா?"

"இது கோச்சுக்கு."

"இது மட்டும்னா அவரு பொய்யின்னு சொல்லிருவாரு. நீங்களா எழுதிக்கிட்டீங்கன்னு சொல்வாரு. தன்னையே மாட்டிவிடற மாதிரி யாரும் பொய் சொல்ல மாட்டாங்கப்பா."

அவன் மகளைப் பார்த்தான். தாயின் முகவாய். அதில் கருணை ஒன்றும் இல்லை.

"நயேலி, இதைப் பார்த்தப்புறம் உன்னை டீம்ல வச்சிக்க மாட்டாங்க. இந்த ஊர்ல வேற கிளப் இல்ல. புரியுதா?"

"டோர்னமெண்ட் முடியற ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தானே தூக்குவாங்க. அதுவரைக்கும் அவங்களுக்கு வேற கோலி இல்ல."

"உனக்கு ஆடணும்ல?"

"ஆடணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அம்மா பேரைப் போட்ட கப்பை அவரு கையால வாங்க மாட்டேன்."

எஃப்ரைன் மூன்றாவது வரிசையை முடித்தான். கீழே கர்ட் ஹால்பெக் என்று எழுதினான். தேதி, நேரம். மாலை ஐந்து பத்து. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனான். பனி வண்டி உள்ளே வரும் அகலக் கதவு அங்கே இருக்கிறது. அதன் வாசலில், தான் ஒவ்வொரு தடவையும் ஏறிப் போகவேண்டிய இடத்தில், முழங்கால் போட்டு எழுதினான். பணம் கட்டியாச்சு. மெதுவா போ. எஃப்ரைன் போஹோர்கெஸ். அதே தேதி. மாலை ஐந்து நாற்பது. அவள் அவன் பதிலுக்காக அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தான்.

முட்டியில் குளிர் ஏறி மரத்தது. அது மரத்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு தண்ணீர் விட்டார்கள். எட்டு நாள்.

ஆகஸ்ட் முதல் வெள்ளி, போட்டியின் முதல் நாள். ஹால்பெக் முந்தின ராத்திரிதான் விமானம் இறங்கியிருந்தார். காலையில் ஏரி வெயிலில் சிவந்த முகத்தோடு, சங்கத்தலைவரையும் அழைத்துக்கொண்டு, தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றபோது பிள்ளைகள் ஏற்கெனவே பனியில் இறங்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். லாஸ் வேகஸ் அணிப் பையன் ஒருவன் வேகமாக வந்தவன் மத்தியக் கோட்டில் நின்று, கீழே குனிந்து, உரக்கப் படித்தான். அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அவன்மேல் முட்டிக்கொண்டார்கள். மேலே வரிசைகளில் பேச்சு அடங்கியது. போன்கள் உயர்ந்தன.

ஹால்பெக் பனி வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தார். ஓடி வரவில்லை. ஓடினால் பார்ப்பார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"பனி போட்டிருக்கேன் கோச்."

"விளையாடாத. அழி."

"ஒண்ணேகால் அங்குலம் அடியில இருக்கு. மொத்தத்தையும் உருக்கணும். மறுபடி போட ரெண்டு வாரம்."

"மேல பெயிண்ட் அடி. எதையாவது அடி."

"மேல அடிச்சா ஸ்கேட் பிடிக்கும், பசங்க விழுவாங்க. முப்பத்திரெண்டு டீம் வந்திருக்கு. டீமுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். திருப்பிக் குடுத்துரலாமா?"

ஹால்பெக் சுற்றிப் பார்த்தார். குரலைத் தணித்தார். "நான் அப்படி எதுவும் அனுப்பல. உன்னால நிரூபிக்க முடியாது."

"முடியாது."

"அப்ப எவன் நம்புவான்?"

எஃப்ரைன் கீழே காட்டினான். ஹால்பெக் நின்ற இடத்திலிருந்து கதவு வாசல் இரண்டடி. அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவருக்குப் பின்னால் வந்திருந்த சங்கத்தலைவரும் படித்தார். விசாரணையை முடித்து வைத்தவர் அவர்தான். ஹால்பெக்கைப் பார்க்காமல் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"திங்கட்கிழமை உனக்கு வேலை இல்ல," என்றார் ஹால்பெக். "அவளுக்கு டீம் இல்ல."

"ஏன் திங்கள்? இப்பவே சாவியை வாங்கிக்குங்க. ராய்ஸ் ஓட்டுவாரு."

கம்ப்ரசர் அறை வாசலில் ராய்ஸ் நின்றிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, என்னால ஆகாதுங்க. காலைல குனிஞ்சேன், பிடிச்சுக்கிச்சு. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல."

ஆட்டம் ஆரம்பித்தது. நயேலி தன் கோலுக்குப் போய், எல்லாக் கோலிகளையும்போல, நிற்கப்போகும் இடத்தை ஸ்கேட்டால் இடமும் வலமும் சுரண்டினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துச் சுரண்டினாள். இருபத்தைந்து அடியைத் தடுத்தாள், ஒன்றை விட்டாள்.

ஸ்கேட்டுகள் பனியைச் செதுக்கச் செதுக்க வெண்தூள் பரவி எழுத்து மங்கியது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஹால்பெக்கின் தோள் கொஞ்சம் இறங்கியது. ஆட்டம் முடிந்து, அடுத்த அணிகள் வாசலில் நின்றன. அவர் நடுவரிடம் போய், இந்தத் தடவை பனி தேய்க்க வேண்டாம், நேரமாகிறது என்று சொல்வதை எஃப்ரைன் வண்டியிலிருந்தே பார்த்தான். நடுவர் தரையைக் காட்டினார். பள்ளமும் தூளுமாகக் கிடந்தது. இதில் பிள்ளைகளை இறக்கமாட்டேன் என்று தலையாட்டினார்.

ஹால்பெக் திரும்பினார். முப்பதடி தூரத்திலிருந்து எஃப்ரைனைப் பார்த்தார். எஃப்ரைன் சாவியில் கை வைத்தபடி காத்திருந்தான். அவராகச் சொல்லட்டும். அவர் கையைத் தூக்கி, ஓட்டு என்று சைகை காட்டினார்.

வண்டி தூளை வழித்து வாரிக்கொண்டு வெந்நீர் விட்டுப் போனது. அது போன தடத்தில் ஒவ்வோர் எழுத்தாக, முன்னைவிடச் சிவப்பாக, ஈரம் மின்ன எழும்பி வந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஆட்டம். மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் மங்கும். ஒவ்வொரு தடவையும் ஹால்பெக்கே கையைத் தூக்கவேண்டும். எஃப்ரைன் அதை எண்ணவில்லை. எண்ணாமலே இனித்தது.

ஒவ்வொரு தடவையும் கடைசியாகத் தன் வரியின்மேலும் ஏறி இறங்கினான். அது இனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டத்துக்கு முன், அவன் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தபோது டென்வர் அணித் தாய் ஒருத்தி தடுப்பில் சாய்ந்து நின்றாள். கையில் காகிதக் கோப்பையில் காப்பி. மூன்று நாளாகத் தூரத்திலிருந்தே அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஒண்ணு கேக்கலாமா? அங்க பெருசா இருக்கிறது அந்த கர்ட்டுதான், புரியுது. அதெல்லாம் பொய்யின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு." அவள் கோப்பையால் கீழே காட்டினாள். "அப்ப இந்த எஃப்ரைன் யாரு?"

"நான்தான்."

அவள் கோப்பையைத் தடுப்பின்மேல் வைத்துவிட்டு, கீழே இருந்ததை மறுபடி படித்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஹால்பெக் கையைத் தூக்கினார். எஃப்ரைன் வண்டியைக் கிளப்பினான்.